பட்ஜெட் பத்மநாபன்கள்!

பி.காம். படித்தவன் சினிமா பார்த்தால் ஒரு தொந்தரவு. ஹீரோ சுவிட்சர்லாந்தில் டூயட் பாடும்போது, பின்னால் ஆடுகிற நாற்பது பேருக்கும் விமான டிக்கெட் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று மனசு தானாகக் கூட்டிப் பார்க்கும். அதனாலோ என்னவோ, காசில்லாமல் எடுத்த படங்கள் என்றால் எனக்குத் தனிப் பாசம்.

உடனே 'ஓ... அவார்டு படமா?' என்று கொட்டாவி விடாதீர்கள். மாட்டு வண்டி திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ச் சேரும்வரை கேமராவை ஓடவிட்டு டீ சாப்பிடப் போய்விடுகிற டைரக்டர்களை எனக்கும் பிடிக்காது. காசு இல்லை என்பது ஒரு தகுதி அல்ல. இல்லாத காசை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன பண்ணினான் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் ராபர்ட் ரோட்ரிகஸ் என்று ஒருவர். 'எல் மரியாச்சி' (1992) எடுக்கும்போது வயசு 23. செலவு சுமார் 7,000 டாலர். நம்மூர் பெரிய படத்தில் பூசணிக்காய் உடைக்கிற செலவு! அதிலும் ஒரு பகுதி, கொலஸ்ட்ரால் மருந்துப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்து, ஒரு மாசம் உள்ளேயே அடைந்து கிடந்து சம்பாதித்தது. சும்மா கிடக்கவில்லை, அங்கேயே கதை எழுதினார். கூட இருந்த இன்னொரு 'சோதனை எலி'யை வில்லனாக புக் பண்ணினார்!

டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. கேமரா போட்ட இரைச்சலில் வசனம் பதிவாகாது. ஷாட் முடிந்ததும் நடிகர்களை மறுபடி பேசவைத்து டேப்பில் பிடித்தார். உதடும் வசனமும் ஒட்டாத இடத்தில் சடாரென்று வேறு ஷாட்டுக்குத் தாவினார். பார்த்தவர்கள் 'அடேயப்பா, என்ன வேகமான எடிட்டிங்!' என்று மெச்சினார்கள். 1993-ல் சன்டான்ஸ் விழாவில் ரசிகர்கள் பரிசு. (பிறகு கொலம்பியா கம்பெனி படத்தை வாங்கி, ரிலீசுக்குத் தயார் செய்யப் பல மடங்கு செலவழித்தது. அது வேறு லெட்ஜர்.)

சத்யஜித் ரே கதை இன்னும் தமாஷ். 'பதேர் பாஞ்சாலி' (1955) எடுக்க மனைவியின் நகை அடகுக்குப் போனது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. எந்தக் கணக்கில்? சாலை மேம்பாடு! படத்தின் பெயரில் 'பாதை' இருக்கிறதே! அந்த வவுச்சரை பாஸ் பண்ணிய புண்ணியவான் காலில் விழலாம். நாணல் பூக்களுக்கு நடுவே எடுத்துக்கொண்டிருந்த காட்சியைத் தொடர ஒரு வாரம் கழித்துப் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது. அடுத்த சீசன்வரை காத்திருந்து எடுத்தார்.

தமிழில் என் ஓட்டு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டு கிடையாது. ஆபீஸ் போகிற ஒரு பெண் சின்னதாய் வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. சிமெண்ட்டை ஆட்டை போடுகிற காண்ட்ராக்டர், எப்போதும் கொஞ்சம் குறைகிற பணம்... ஹோம் லோன் வாங்கியவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம்! தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டின் சுவரைத் தடவிப் பார்ப்பார் பாருங்கள், அதற்கு எந்த கிராஃபிக்ஸும் ஈடாகாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

'கூழாங்கல்' விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படம். குடிகார அப்பாவும் பையனும் மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் நடப்பார்கள். நமக்கு நாக்கு வறளும். 2023-ல் நேராக ஓ.டி.டி.யில்தான் வந்தது. அந்த வெயிலை எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கியபடி ஆறு அங்குல செல்போனில் பார்த்தேன் ஸார்!

தியேட்டருக்கு வருகிற சின்னப் படத்துக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? பகல் பதினொன்றரைக்கு ஒரே ஒரு காட்சி. ஆபீஸ் போகிறவன் எப்படிப் பார்ப்பான்? 'படம் நல்லாருக்காமே' என்ற பேச்சு நம் காதுக்கு வருவதற்குள் போஸ்டர் மேல் வேறு போஸ்டர்.

பக்கத்து சீட் நண்பர் 'வீடு' பற்றிக் கேட்டார்: "ஃபைட் உண்டா?"

"உண்டு, காண்ட்ராக்டரோட!"