குப்பை பொறுக்கிய ஊரில் கதவு இல்லாத கடைகள்!

சீனாவில் ஒரு கிராமம். பெயர் டோங்பெங். "கீழ்க்காற்று" என்று அர்த்தம்.

ஜியாங்சூ மாகாணத்தில் ஷாஜி என்ற சிறு நகரத்தைச் சேர்ந்தது அது. ஷாஜி என்றால் "மணல் சந்தை". மண்ணும் பெயருக்கு ஏற்றபடிதான். மணலும் உப்பும் கலந்த நிலம். விளைச்சல் சொற்பம். ஆளுக்குக் கால் ஏக்கர் நிலம்கூடக் கிடையாது.

ஊரார் என்ன செய்வார்கள், பாவம்! சிலர் சேமியா பிழிந்தார்கள். சிலர் பன்றி வளர்த்தார்கள். பலர் பழைய பிளாஸ்டிக்கை வாங்கி வந்து, கழுவி, நொறுக்கி விற்றார்கள். முற்றத்தில் எல்லாம் குப்பை மலை.

வாலிபர்கள் பட்டணத்து ஆலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். ஊரில் கிழவர்களும் குழந்தைகளும் மிஞ்சினார்கள்.

அந்த ஊர் பிறகு தலைகீழாக மாறியது. மாற்றியது பெரிய முதலாளி அல்ல. ஒரு கம்ப்யூட்டரும், ஒரு வாலிபரும்!

உத்தியோகத்தை விட்டவர்

அவர் பெயர் சுன் ஹான். அந்தப் பகுதியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தார். 2006-ம் ஆண்டு அந்த வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பினார். வீட்டில் இருந்தபடியே இண்டர்நெட்டில் ஒரு கடை திறந்தார்.

இண்டர்நெட்டில் கடையா? ஆம். அந்தக் கடைக்குக் கதவு இல்லை. பூட்டு இல்லை. அது கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ஒரு பக்கம். அதில் சாமானின் படம் இருக்கும். விலை இருக்கும். நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் பார்க்கலாம், வாங்கலாம்.

இப்படிப்பட்ட கடைகளுக்கு இடம் கொடுப்பது டாவ்பாவ் என்ற தளம். "புதையல் தேடு" என்று அதற்குப் பொருள். 2003-ம் ஆண்டு மே மாதம், ஜாக் மாவின் அலிபாபா கம்பெனி அதைத் தொடங்கியது. அப்போது அமெரிக்காவின் ஈபே கம்பெனியும் சீனாவில் கால் ஊன்றி இருந்தது. ஈபே, கடைக்காரர்களிடம் கட்டணம் வாங்கியது. டாவ்பாவோ, "கடை வைக்கக் கட்டணம் இல்லை" என்றது. கூட்டம் எந்தப் பக்கம் போகும்? 2006-ம் ஆண்டு டிசம்பரில், ஈபே தன் சீனத் தளத்தை மூடிவிட்டது.

பணம் யார் கையில்?

முகம் தெரியாத ஆளிடம் எப்படிப் பணம் கொடுப்பது? வாங்குகிறவருக்கு இந்தப் பயம். பணம் வராமல் எப்படிச் சாமானை அனுப்புவது? விற்கிறவருக்கு அந்தப் பயம்.

இதற்கு டாவ்பாவ் ஒரு வழி கண்டுபிடித்தது. வாங்குகிறவர் பணத்தைக் கட்டிவிடுவார். ஆனால் அது கடைக்காரர் கைக்குப் போகாது. நடுவில் நிற்கும் கம்பெனியிடம் இருக்கும். சாமான் வந்து சேரும். வாங்கியவர் பிரித்துப் பார்ப்பார். "சரி" என்று பொத்தானை அழுத்துவார். அதன் பிறகே பணம் கடைக்காரருக்குப் போகும்.

பஞ்சாயத்தார் கையில் பணத்தைக் கொடுத்து வைப்பது மாதிரிதான்! 2003-ம் ஆண்டு அக்டோபரில் இந்த முறை வந்தது. இது மட்டும் இல்லாவிட்டால், பெயர் தெரியாத கிராமத்து ஆளிடம் பெய்ஜிங் நகரத்துக் குடும்பம் அலமாரி வாங்கி இருக்குமா?

ஷாங்காயில் பார்த்த அலமாரி

சுன் ஹான் முதலில் சில்லறைச் சாமான்களை விற்றுப் பார்த்தார். கையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை.

2007-ம் ஆண்டு, 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஷாங்காய் நகருக்குப் போனார். அங்கே ஐகியா கடைக்குள் நுழைந்தார். ஐகியா, சுவீடன் நாட்டில் பிறந்த மரச்சாமான் கம்பெனி.

அங்கே இருந்த அலமாரிகளில் செதுக்கு வேலை இல்லை. பூ இல்லை, கொடி இல்லை. வெறும் பலகைகள், அவற்றைச் சேர்க்கத் திருகாணிகள். வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும்.

சுன் ஹானுக்குப் பொறி தட்டியது. பூட்டிய அலமாரியைக் கூரியரில் அனுப்பினால் கூலியே விலையைத் தின்றுவிடும். பலகையாக அடுக்கினால்? தட்டையான ஒரு பெட்டி. கூலி குறைவு. உடையும் பயமும் குறைவு.

மாதிரிக்குச் சில சாமான்களை வாங்கினார். ஊருக்கு வந்தார். தச்சரிடம் காட்டினார். "இதே போல் செய்து கொடுங்கள்" என்றார். தச்சர் செய்தார். படம் எடுத்தார். கடையில் போட்டார்.

ஆர்டர்கள் வந்து குவிந்தன!

ரகசியம் நிற்குமா?

சுன் ஹானுக்கு இரண்டு நண்பர்கள். மூவரும் சேர்ந்து தொழில் செய்தார்கள். ரகசியத்தை வெளியே விடக் கூடாது என்று எண்ணினார்கள்.

கிராமத்தில் அது நடக்கிற காரியமா? தினமும் பார்சல் வண்டி வருகிறது. ஊர் பார்க்கிறது. மாமன் மகன் வந்து கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். எப்படி மறுப்பது? ஒவ்வொருவராகக் கற்றுக்கொண்டார்கள்.

2008-ம் ஆண்டு உலகெங்கும் பொருளாதார நெருக்கடி. பழைய பிளாஸ்டிக்கின் விலை படுத்துவிட்டது. குப்பை வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள். பிறகு அவர்களும் பலகை அறுக்க வந்துவிட்டார்கள்.

பட்டணம் போன பிள்ளைகள் திரும்பினார்கள். படித்த பெண், வாடிக்கைக்காரருக்குக் கம்ப்யூட்டரில் பதில் எழுதினாள். படிக்காத மாமியார் பெட்டி கட்டினாள். நூறு வருஷம் உபதேசம் செய்தாலும் இப்படி ஒரு குடும்பத்தை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முடியாது என்பது என் எண்ணம்.

இதயம், வைரம், கிரீடம்

கடை திறந்தால் போதாது. அலங்காரம் வேண்டும். டாவ்பாவில் அதற்கென்றே ஒரு தொழில் உண்டு. படத்துக்கு வெளிச்சம் கூட்டுவது, எழுத்தை அழகாக வைப்பது, பக்கத்தை அடுக்குவது எல்லாம் அவர்கள் வேலை.

சாமானைத் தொட்டுப் பார்க்க முடியாது அல்லவா? அதனால் கேள்வி மேல் கேள்வி வரும். "பலகை எத்தனை கனம்?" "வாசனை அடிக்குமா?" கடைக்காரர் உடனே பதில் எழுத வேண்டும். வாடிக்கைக்காரரை "சின்" என்று அழைப்பார்கள். "அன்பே" என்று பொருள்! முன்பின் பார்க்காதவரை "அன்பே" என்று அழைத்துத்தான் அங்கே அலமாரி விற்கிறார்கள்.

வாங்கியவர் மதிப்பெண் போடுவார். நல்ல சாமான் என்றால் ஒன்று கூடும். மோசம் என்றால் ஒன்று குறையும். 4 மதிப்பெண் சேர்ந்தால் கடையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இதயச் சின்னம். 251 சேர்ந்தால் வைரம். 10,001 சேர்ந்தால் கிரீடம்!

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் கிரீடம் புரியும். நல்ல யோசனைதான். ஆனால் கிரீடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் திருட்டு வழியிலும் இறங்கினார்கள். தெரிந்தவர்களை விட்டு வாங்குவதுபோல் நடிக்கச் சொன்னார்கள். காலிப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினார்கள். "பிரமாதம்" என்று எழுத வைத்தார்கள். 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்த சீனச் சட்டம் இந்தப் பொய் வியாபாரத்தைத் தடை செய்கிறது.

முன்வரிசைக்கு ஏலம்

இன்னொரு சங்கடம். "புத்தக அலமாரி" என்று எழுதித் தேடினால் ஆயிரக்கணக்கான கடைகள் வரும். பத்தாவது பக்கத்தில் இருப்பவனை யார் பார்ப்பார்கள்?

முன்னால் நிற்கப் பணம் கட்டலாம். அந்த விளம்பரத்துக்கு "நேர் வண்டி" என்று பெயர் இருந்தது. "அலமாரி" என்ற சொல்லுக்குக் கடைக்காரர்கள் ஏலம் கேட்பார்கள். ஒருவர் விளம்பரத்தை ஒரு தடவை தொட்டால், கடைக்காரர் கணக்கில் இருந்து பணம் கழியும். தொட்டவர் வாங்கினாலும் கழியும். வாங்காமல் போனாலும் கழியும்.

கடை வைக்கக் கட்டணம் இல்லை. கடை கண்ணில் படக் கட்டணம் உண்டு!

நகலுக்கு நகல்

பெரிய ஆபத்து ஊருக்குள்ளேயே இருந்தது. சுன் ஹான் ஐகியாவைப் பார்த்துச் செய்தார். ஊரார் சுன் ஹானைப் பார்த்துச் செய்தார்கள். ஒரே அலமாரி. ஒரே படம். வேறுபாடு விலையில் மட்டும். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவர் அதற்கும் கீழே போனார். விலை இறங்கினால் பலகையின் கனமும் இறங்கும். பிறகு மதிப்பெண்ணும் இறங்கும்.

2012-ம் ஆண்டு பூகம்பம் வெடித்தது. எல்லோரும் செய்துவந்த வடிவங்களை ஒருவர் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார். "மற்றவர்கள் விற்கக் கூடாது" என்று டாவ்பாவுக்குப் புகார் கொடுத்தார். ஊர் கொதித்தது. நேற்று வரை பலகையை இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் இன்று எதிரி!

சுன் ஹான் ரகசியத்தை மறைத்து இருந்தால் ஊர் பிழைத்து இருக்காது. எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டே இருந்தாலும் ஊர் பிழைக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கச் சொந்த வடிவம் வரைந்தார்கள் சிலர். தங்கள் பெயரில் வணிகச் சின்னம் பதிந்தார்கள். பலகையை விட்டு, இரும்பும் மரமும் கலந்த சாமான்களுக்கு மாறினார்கள். அதற்கு முதல் வேண்டும், படிப்பு வேண்டும். இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மூன்று ஊர், ஆயிரக்கணக்கான ஊர்

இப்படிப்பட்ட ஊர்களுக்கு "டாவ்பாவ் கிராமம்" என்று பெயர். ஊரின் வருட விற்பனை ஒரு கோடி யுவானை எட்ட வேண்டும். யுவான், சீன நாணயம். அதோடு நூறு கடைகள் இருக்க வேண்டும். அல்லது பத்தில் ஒரு குடும்பம் கடை வைத்து இருக்க வேண்டும். இதுவே கணக்கு.

2009-ம் ஆண்டு அத்தகைய ஊர்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று டோங்பெங். 2014-ம் ஆண்டு 212. 2022-ம் ஆண்டு 7,780! ஷாண்டோங் மாகாணத்தில் டிங்லோ என்ற கிராமம் நாடக, நடன உடுப்புகள் தைத்து அனுப்புகிறது.

2016-ம் ஆண்டு டாவ்பாவில் நேரடி ஒளிபரப்பு விற்பனை வந்தது. படம் மட்டும் போதாது என்ற காலம் வந்துவிட்டது. கடைக்காரர் செல்போனுக்கு முன்னால் நிற்கிறார். விளக்கைப் போட்டு, அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டுகிறார். கேள்விகள் திரையில் ஓடுகின்றன.

"பலகை எத்தனை கனம்?"

அதே பழைய கேள்விதான். இப்போது அளந்து காட்ட வேண்டி இருக்கிறது.