கிர்மிஸ் ஊர்

அராரத் மலையைப் பார்த்தபடி, அர்மீனியாவின் அராக்ஸ் ஆற்றோரம் உவர் பூத்துக் கிடக்கிறது ஒரு சமவெளி. செப்டம்பரிலிருந்து அக்டோபர் பாதி வரைக்கும், விடிகாலையில் சில மணி நேரம் மட்டும், அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு கருஞ்சிவப்புப் பூச்சிகள் வெளிவரும். சேகரித்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

9ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி, இங்குள்ள அர்தாஷாத்தைக் 'கிர்மிஸ் ஊர்' என்றே குறிப்பிடுகிறார். கிர்மிஸ் என்பது அந்தப் பூச்சிச் சாயம். அருகிலிருந்த துவின் (அரபு வாயில் தபீல்) கலீஃபாக்களின் அர்மீனியா மாகாணத் தலைநகர். அங்கே மசூதியும் தேவாலயமும் ஒட்டி நின்றதாக 10ஆம் நூற்றாண்டில் அல்-இஸ்தக்ரி எழுதினார். கிர்மிஸ் தோய்த்த தபீல் கம்பளித் துணிகளையும் அவர் புகழ்ந்தார். ஆனால் சாயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்: பட்டுப்புழுவைப் போலத் தன்னைச் சுற்றி நூற்கும் ஒரு புழுவாம்!

நூற்பதெல்லாம் இல்லை. இது நம் ஊர் மாவுப்பூச்சிக்கும் அரக்குப் பூச்சிக்கும் தூரத்துச் சொந்தம். வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சு, உவர் மண்ணில் வளரும் புல்லின் வேரைப் பற்றிச் சாறு உறிஞ்சும். மண்ணுக்குள்ளேயே ஓடு கட்டிக்கொள்ளும். வளர்ந்த பெண் பூச்சிக்கு வாயே கிடையாது. மேலே வருவது இணை தேட. பிறகு முட்டையிட்டுச் சாகும். அதன் உடலிலுள்ள கார்மினிக் அமிலம்தான் சிவப்பு. படிகாரம் சேர்த்தால் கம்பளியிலும் பட்டிலும் கெட்டியாகப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், பூச்சியில் கொழுப்பு ஏராளம், சாயமோ ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விலை எகிறியதில் வியப்பில்லை.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து, பல மடங்கு சாயம் தரும் கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்ததும் இந்த வணிகம் படுத்துவிட்டது. இன்று ஒரு பழந்துணியின் சிவப்பு எந்தப் பூச்சியுடையது என்று கண்டறிய அரபு நூல்கள் உதவா. ஓக் மரத்தில் வாழும் வேறொரு சாயப் பூச்சியும் அவற்றில் கிர்மிஸ்தான். ஓரிழையைக் கரைத்து நிறப்பகுப்பு செய்தால் ஓக் பூச்சி உடனே தனித்துத் தெரியும், அதன் அமிலமே வேறு. அர்மீனியப் பூச்சியும் மெக்சிகோ பூச்சியும் ஒரே அமிலம் என்பதால், கூடவரும் துணைச் சேர்மங்களின் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சோவியத் காலத்தில் உவர் நீக்கி வயலாக்கியதில் பூச்சியின் நிலம் சுருங்கியது. மிச்சத்தை 1987இல் காப்பிடமாக்கினார்கள்.