ஓடும் நிரலுக்குப் புதுவரவு எப்படித் தெரியும்?

பைத்தான் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல், அதற்குள்ளிருந்தே பிப் கட்டளையைக் கொடுத்து ஒரு புதிய தொகுப்பை நிறுவுகிறோம். நிறுவியாயிற்று என்று திரையில் செய்தியும் வருகிறது. அடுத்த வரியில் இம்போர்ட் செய்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். சில சமயம் மட்டும், அப்படியொரு மாட்யூலே இல்லை என்று பைத்தான் அடித்துச் சொல்லும். இத்தனைக்கும் கோப்பு வட்டில்தான் இருக்கிறது.

வேகத்துக்காகக் கொடுக்கும் விலை இது. மாட்யூலைக் கேட்டதும் பைத்தான் பல கோப்புறைகளை வரிசையாகத் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் வட்டைத் துழாவினால் நேரம் போகும். அதனால் 2012-இல் வந்த பைத்தான் 3.3, ஒவ்வொரு கோப்புறையிலும் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது.

அந்த நினைவு பழசாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளும் வழிதான் அழகு. பைத்தான் கோப்புகளை எண்ணுவதில்லை. கோப்புறை கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் இயங்குதளத்திடம் கேட்கிறது. உள்ளே ஒரு கோப்பு வந்தாலும் போனாலும் பெயர் மாறினாலும் அந்த நேரம் மாறிவிடும். மாறியிருந்தால் பட்டியலைப் புதிதாகப் படிக்கும். இல்லையென்றால் பழைய பட்டியலையே நம்பும். ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான்!

அந்த எண் எவ்வளவு துல்லியம் என்பதில் வருகிறது வில்லங்கம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை நேரத்தை நானோவினாடி அலகில் குறிக்கும். பழைய ஈஎக்ஸ்டி3-க்கும் மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸுக்கும் முழு வினாடிதான் தெரியும். ஃபேட் முறைமைக்கு 2 வினாடி. மணி 10:15:07 என்று வைத்துக்கொள்வோம். அந்த வினாடி பிறந்ததும் ஒரு கோப்பு வருகிறது; பைத்தான் பட்டியலைப் படித்துக்கொள்கிறது. அதே வினாடி முடிவதற்குள் இன்னொரு கோப்பு வந்து சேர்கிறது. இரண்டுக்கும் நேரம் 10:15:07 தான். இரண்டாவது கோப்பு கண்ணில் படாமலே போகும். இதற்காகவே இம்போர்ட்லிப் நூலகத்தில் ‘இன்வேலிடேட் கேஷஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. நினைவில் உள்ள பட்டியல்களைத் தள்ளிவிட்டு மறுபடி பார் என்பதே அதன் ஆணை.

தேட வேண்டிய கோப்புறைகளின் வரிசையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பயனருக்கான தனிக் கோப்புறை நிரல் தொடங்கும்போது இல்லாவிட்டால் அது அந்த வரிசையில் சேராது. பிறகு பிப் அதை உருவாக்கினாலும் நிரல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது.

ஏற்கெனவே ஏற்றிய தொகுப்பின் பதிப்பை உயர்த்துவதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. பைத்தான் 3.8-இல் வந்த இம்போர்ட்லிப் மெட்டாடேட்டாவிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால், வட்டில் இருப்பதைப் பார்த்துப் புதிய எண்ணைச் சொல்லும். நினைவகத்தில் ஓடுவதோ பழைய நிரல். ரீலோட் செய்தாலும் பழைய பொருள்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, புதிதாக நிறுவினால் அந்த ‘இன்வேலிடேட் கேஷஸ்’ செயற்கூறை அழையுங்கள். பதிப்பை உயர்த்தினால் தயங்காமல் நிரலை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.