மிதக்கும் பிளாஸ்டிக் துகளை எண்ணுவது எப்படி?

திருவண்ணாமலையில் கடல் இல்லை. ஆனால் சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. இங்கே ஓடையில் விழும் பிளாஸ்டிக் உறை வெயிலில் நொறுங்கி, 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்துகளாகி அந்த வழியே கடலுக்குப் போய்ச் சேரலாம்.

கடலில் அவற்றைப் பிடிப்பது மான்டா வலை. அகன்ற வாயுள்ள உலோகச் சட்டம், இருபுறமும் திருக்கை மீனுக்கு இருப்பது போன்ற இறக்கைகள், பின்னால் நீண்ட வலை, அதன் நுனியில் ஒரு சிறு பை. படகு கிளப்பும் நுரையில் துகள்கள் அமுங்கிவிடும் என்பதால் பக்கவாட்டில் தள்ளியே இழுப்பார்கள். எவ்வளவு நீர் உள்ளே போனது என்பதை வாயில் பொருத்திய சுழலி காட்டும். பையில் சேர்ந்ததை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துப் பாசியையும் நுண்ணுயிர்களையும் அகற்றுவார்கள். மிஞ்சிய துகள் பிளாஸ்டிக்தானா என்பதை அகச்சிவப்புக் கதிர் சொல்லிவிடும்.

சிக்கல் கணக்கில்தான் வருகிறது. 1 மீட்டர் அகல வலை, நீருக்குள் கால் மீட்டர் அமிழ்ந்து, 1 கிலோமீட்டர் போகிறது. 100 துகள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலைக்குள் போன நீர் 250 கன மீட்டர். ஆகவே ஒருவர் ‘கன மீட்டருக்கு 0.4’ என்று எழுதலாம். இன்னொருவர் ‘சதுர கிலோமீட்டருக்கு 1 லட்சம்’ என்று எழுதலாம். இரண்டும் சரி! செய்தியில் படிப்பவருக்கோ ஒன்று நிம்மதி, மற்றது பீதி. வலைக்கண் சிறிதானால் எண்ணிக்கை ஏறும். பலத்த காற்றடித்தால் அலை துகள்களைக் கீழே கலக்கிவிடும், எண்ணிக்கை இறங்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வலைக்கண் சுமார் 0.3 மில்லிமீட்டர் இருப்பது நல்லது; வடிகட்டிய நீரின் அளவு, காற்று, அலை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிய வேண்டும். எல்லாரும் ஒரே வலையை வாங்க வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. ஒப்பிடும்படி எழுதுங்கள் என்கிறது. எனக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்த வழியாகப் படுகிறது. ஆனாலும் துணி துவைக்கும்போது கழலும் மெல்லிய இழைகளில் பல இந்த வலைக்கண்களின் வழியே நழுவிவிடும். அவற்றுக்குத் தண்ணீரையே மொண்டு வடிகட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. அதனால் தென்பெண்ணை முகத்துவாரத்தில் துகள் குறைந்ததா என்று அறிய, ஆண்டுதோறும் ஒரே அளவு வலைக்கண்ணில், ஒரே முறையில் எடுத்த மாதிரிகள் வேண்டும். நீரோட்டம் மாறிவிடும் என்பதால், சாத்தனூரில் மதகு திறந்த நாளின் மாதிரியைக் கோடை மாதிரியோடு சேர்த்துக் கூட்டவும் கூடாது.