நடையும் பெயரும்

நடை என்பது தமிழிற் பல பொருள் குறித்த ஒரு சொல். காலால் நடப்பதும் நடை. எழுதும் பாங்கும் நடை. ஒருவர் ஒழுகும் முறையும் நடை. நடத்தை, நடப்பு, நடவடிக்கை முதலியன யாவும் அவ்வேரிற் கிளைத்தவை. அடி என்னுஞ் சொல்லும் அத்தகையதே. பாதத்துக்கும் அது பெயர். பாட்டின் வரிக்கும் அது பெயர். பாட்டின் அடியை அளப்பதற்கு நம் முன்னோர் நுணுக்கமான இலக்கணம் வகுத்தனர். மனிதன் எடுத்து வைக்கும் அடியை அளப்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதனை வளர்த்து வருவோரின் மாநாடு ஒன்று அண்மையிற் கொழும்பில் இரு நாள் நடைபெற்றது. இயன்மருத்துவர், எலும்பு மருத்துவர், செயற்கை உறுப்பு அமைப்போர், பொறியியலாளர் எனப் பலர் கூடிய அவ்வவையில் யானும் ஒருவனாக அமர்ந்திருந்தேன்.

இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு அங்கே என்ன அலுவல் என்று வாசகர் வினவுதல் இயல்பே. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று இயன்மருத்துவராக விளங்குகிறார். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “ஐயா, நாங்கள் படித்தது ஆங்கிலத்தில்; எங்களிடம் வருகிற சனங்கள் பேசுவது தமிழில். அவர்களுடைய நடையில் என்ன குறை என்று அவர்களுக்கே சொல்லத் தக்க சொற்கள் வேண்டும். இரண்டு நாளும் இருந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்” என்றார். மாணவன் கேட்டபின் மறுத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

முதலாம் நாட் காலையில் இத்துறையின் வரலாறு கூறப்பட்டது. விலங்குகளின் நடை பற்றி அரிஸ்டோட்டில் தனி நூலே எழுதினார். இத்தாலிய அறிஞர் பொரெல்லி எலும்புகளை நெம்புகோல்களாகவும் தசைகளை அவற்றை இயக்கும் விசைகளாகவும் கண்டு எழுதிய பெருநூல், அவர் மறைந்தபின் 1680, 1681ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1836இல் ஜேர்மனியின் வேபர் சகோதரர் இருவர், முன்னே வீசுங் கால் மணிக்கூட்டின் ஊசல்போலத் தானே ஆடுகின்றது என்றனர். கண்ணால் மட்டும் பார்ப்போர்க்கு அக்கூற்றை மறுக்க வழியில்லை. ஓடும் பொருளை நிறுத்திக் காட்டும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை.

அக்கருவியைத் தந்தது நிழற்படக் கலை. 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் வரிசையாக நிறுத்திய கமராக்களால் ஓடுங் குதிரையைப் படம் பிடித்தார். பிரான்சிய உடலியல் அறிஞர் மாரே, மனிதனுக்குக் கரிய ஆடை உடுத்திக் கை கால்களின் வழியே வெண்கோடுகள் இட்டுக் கரிய திரையின் முன் நடக்கச் செய்தார். படத்தில் ஆள் மறைந்தான். கோடுகளின் அசைவு மட்டும் எஞ்சியது. 1891இல் லைப்சிக் நகரிற் பிறவுண், பிஷர் என்னும் இருவர் ஒரு மனிதனின் உறுப்புகளில் ஒளிவிடுங் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி இருளில் நடக்கச் செய்து படம் பிடித்தனர். அவற்றைக் கட்டி முடிக்கவே பல மணி நேரம் சென்றது. நடந்ததோ சில அடிகள். அச்சில அடிகளைக் கணக்கிட்டு விளக்கிய நூல் 1895 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. வீசுங் கால் வெறும் ஊசலன்று, தசைகளும் அதனை இயக்குகின்றன என்பது அக்கணக்கினால் விளங்கிற்று.

இக்கலை மருத்துவத்துக்கு நெருங்கிய துணையானமைக்குப் போரும் நோயும் காரணங்களாயின. இரண்டாம் உலகப் போரிற் கால் இழந்த வீரர்க்கு நல்ல செயற்கைக் கால் அமைக்க வேண்டிக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் இன்மனும் பொறியியலாளர் எபர்ஹார்ட்டும் ஆராய்ந்தனர். எபர்ஹார்ட் விபத்தொன்றில் ஒரு காலை இழந்தவர். அதே கலிபோர்ணியாவில் இளம்பிள்ளைவாத நோயாளரிடையே பணிபுரிந்த ஜாக்குலின் பெரி அம்மையார் நடையின் ஒரு சுற்றை எட்டுக் கூறாக வகுத்து, 1992இல் விரிந்த நூலொன்று வெளியிட்டார். அந்நூல் இன்றும் பலருக்குக் கைந்நூல்.

அவ்வகுப்பின் சாரம் இதுவாகும். ஒரு கால் நிலத்தைத் தொடுங் கணம் முதல் அதே கால் மீளத் தொடுங் கணம் வரை ஒரு சுற்று. அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு அக்கால் நிலத்தில் ஊன்றி நிற்கும். 40 பங்கு காற்றில் வீசிச் செல்லும். இடையே இரு முறை, பத்துப் பத்துப் பங்காக, இரு கால்களும் ஒருங்கே நிலத்தில் ஊன்றும். ஓட்டத்தில் இவ்விரட்டை ஊன்றல் இல்லை. அதற்கு மாறாக இரு கால்களும் நிலத்தை விட்டு நீங்குங் கணம் உண்டு. நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இலக்கண வேறுபாடு இதுவே. சீரும் தளையும் பிரித்துப் பழகிய எனக்கு இவ்வலகிடல் மிக்க இன்பந் தந்தது.

பிற்பகலில் நடைமாற்றங்கள் பற்றிய விளக்கம். கால் நொந்தால் அக்காலில் ஊன்றும் நேரத்தை உடல் தானே குறைத்துக் கொள்ளும். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால், ஒரு காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு கீழே சரியும்; இதனை விளக்கிய ஜேர்மனிய மருத்துவர் டிரெண்டலன்பேர்க்கின் பெயர் அந்நடைக்கு வழங்குகிறது. முழங்காலின் புறத்தே செல்லும் நரம்பு பழுதுற்றாற் பாதம் தொங்கும். அது நிலத்திற் தடுக்காதிருக்க முழங்காலை மிக உயர்த்தி நடப்பர். தொழுநோயாலும் இது நேர்வதுண்டு. 1817இல் பார்க்கின்சன் விளக்கிய நோயில் அடிகள் குறுகிக் கால் நிலத்தைத் தேய்க்கும். அத்தகையோர் சிலர் தரையிற் குறுக்கே கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி இலகுவாக நடப்பர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம். காரணம் தெரிந்தாற் பலவற்றுக்குப் பரிகாரமும் உண்டு.

இரண்டாம் நாள் வன்னியிலிருந்து வந்த ஒருவர் அவைமுன் நடந்து காட்ட இசைந்தார். போரில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். மாரேயின் வெண்கோடுகளுக்குப் பதிலாக ஒளி தெறிக்கும் சிறு குமிழ்களை அவர் உடலில் ஒட்டினர், சுற்றிலுங் கமராக்கள், தரையில் விசையளக்குந் தட்டு. செயற்கைக் காலில் அவர் ஊன்றும் நேரம் மற்றக் காலினும் மிகக் குறைவு என்று திரையில் வரைகோடு காட்டிற்று. அவையிலிருந்த ஒருவர் அதனைத் தமிழிற் சொல்ல விரும்பி, “நொண்டுகிறார்” என்றார். நடந்தவர் திரும்பிப் பார்த்து, “அது புதிசில்லை ஐயா. ஊரிலை அந்தப் பேராலைதான் என்னைக் கூப்பிடுகினம். என்ரை பேரை ஆரும் சொல்லுறேல்லை” என்றார். அவரது குரலிற் சினம் இல்லை. அவை சிறிது நேரம் பேசாதிருந்தது.

பின்னர் என் மாணவர் அவரருகே முழந்தாளிட்டு, செயற்கைக் காலின் கிண்ணத்தைக் கழற்றி, எஞ்சிய காலின் முனையிற் சிவந்திருந்த ஓரிடத்தைக் காட்டினார். கிண்ணம் அங்கே அழுத்தியது. நோவுக்கு அஞ்சியே உடல் அக்காலை விரைந்து எடுத்தது. கிண்ணத்தைச் செப்பஞ் செய்து மீள நடந்தபோது இரு கால்களின் நேரமும் நெருங்கி வந்தன. இம்முறை அவையினர் அவரை அவருடைய பெயராலேயே அழைத்துப் பாராட்டினர்.

நொண்டி என்னுஞ் சொல்லுக்கு நம் இலக்கியத்தில் ஒரு வரலாறு உண்டு. தமிழகத்தில் எழுந்த சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் முதலியவற்றின் தலைவன், பொருளைப் பரத்தையரிடம் இழந்து, குதிரை திருடப் புகுந்து, அகப்பட்டுக் கால் இழந்தவன். பின்னர் அருளாற் கால் பெறுகிறான். நொண்டிச் சிந்து என யாப்பிலும் அப்பெயர் நிலைத்தது. அந்நாடகங்களின் சுவையை யான் குறை கூறேன். ஆயினும் அங்கே காலிழப்பு குற்றத்தின் தண்டனை. அவ்வெண்ணத்தின் நிழல் அப்பெயரில் இன்றும் படிந்திருக்கிறது. வன்னியில் நிலக்கண்ணியை மிதித்தவர் எக்குதிரையைத் திருடினார்?

மருத்துவரின் சொற்களெல்லாம் மாசற்றவை என்றுங் கூறேன். இடுப்புத் தசை தளர்ந்தோரின் நடைக்கு வாத்தை ஒப்புக் காட்டும் பெயர் அவர்களிடையே வழங்குகிறது. நம் புலவர் அன்னத்தின் நடையை ஒப்புக் காட்டியது புகழ்ச்சிக்கு, இதுவோ வேறு. ஆனால் அவர்களிடம் கற்கத் தக்க நெறி ஒன்றுண்டு. பெயர் நடைக்கே உரியது, நடப்பவர்க்கு உரியதன்று. அப்பெயரும் இயன்றவரை காரணத்தைச் சுட்ட வேண்டும். காரணப் பெயர் என நன்னூல் மாணவர் பயில்வதும் இதுதானே.

இந்நெறி பற்றிச் சில சொற்களை எழுதிக் கொடுத்தேன்: ஊன்று காலம், வீச்சுக் காலம், இரட்டை ஊன்றல், நோவு தவிர் நடை, இடுப்புச் சரிவு நடை, பாதத் தொய்வு நடை, குற்றடி நடை. இறுதியிற் சொன்னதற்குக் குறளடி நடை என்ற பெயர் முதலில் நாவில் வந்தது. ஆயின் குறள் என்பது உருவிற் சிறியோரைக் குறித்த பழஞ்சொல். ஒரு பழியை நீக்கப் புகுந்து மற்றொன்றைச் சேர்த்தல் தகாதென அதனை விடுத்தேன். இச்சொற்கள் நிலைக்குமோ, இவற்றினும் நல்லன வருமோ, வழங்குவோர் முடிவு செய்க.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பேர்த்தீசு நோய் என ஒன்றுண்டு. தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் குருதி குறைந்து அவ்வெலும்பு நலியும். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வருவது; நடை மாறுவதே பலரிடம் அதன் முதல் அடையாளம். நோவு இடுப்பிலன்றி முழங்காலிலேயே தெரிவதும் உண்டு. அத்தகைய பிள்ளைக்கு விளையாட்டிடத்திற் பட்டப்பெயர் விரைவிற் கிடைக்கும். மருத்துவரின் பார்வை கிடைக்கக் காலந் தாழும். உங்கள் வகுப்புப் பிள்ளையொன்றின் நடை வேறுபடக் கண்டால், மற்றப் பிள்ளைகள் பெயர் வைக்குமுன் அருகழைத்து எங்கே நோகிறது என்று கேளுங்கள். அன்று மாலையே பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள்.