அம்பாசிடர் ரேடியேட்டர்: ஏன் ஒழுகுகிறது? எப்படி அடைப்பது?

2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய வண்டிகளில், ரேடியேட்டரின் செம்பு, பித்தளைப் பாகங்களை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு இணைக்கிறது.

எஞ்சின் சூடாகி ஆறும்போதெல்லாம் உலோகம் விரிந்து சுருங்கும். அதிர்வும் சேர, இணைப்பு விரிசல் விடும். வேதாரண்யம் போன்ற டெல்டாவின் கடலோரப் பகுதிகளில் உப்பேறிய நிலத்தடி நீரை ஊற்றினால் அரிப்பும் கூடும்.

ரேடியேட்டரை ஆறிய பின் கழற்றி, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றேற்றினால் ஓட்டையிலிருந்து குமிழி கிளம்பும். அவ்விடத்தைச் சுரண்டித் துலக்கிப் பற்றவைக்கலாம். பற்றாசு சுமார் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதனால் குழாய்க்குச் சேதமில்லை.

பல குழாய்கள் அரித்திருந்தால் உட்பகுதியையே மாற்ற வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து நிரப்பினால் அரிப்பு குறையும்.