மூளையின் வேகம் குறைந்தால் புற்றுநோய் வருமா? தாத்தாவின் வெற்றிலைச் செல்லம் சொல்லும் பதில்

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் போகும்போதெல்லாம் தாத்தாவும் கூடப் போவார். எடை போடுபவர் கால்குலேட்டரைத் தட்டுவதற்குள் தாத்தா சொல்லிவிடுவார்: "137 மூட்டை, 40 கிலோ... 54 குவிண்டால் 80 கிலோ. எழுதிக்கோங்க தம்பி." ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த தாத்தாவுக்கு எழுபது வயதில் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது.

'மனம் வேகமாக வேலை செய்பவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து குறைவா?' என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே விடை தேடிய கேள்வி இது. பார்ப்போம்.

மூளையின் வேகம்னா என்ன?

ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, பதில் சொல்ல எடுக்கும் நேரம். திரையில் விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். எண்களுக்கு நேராக அதற்குரிய குறியீடுகளை வேகவேகமாக எழுதச் சொல்வார்கள். இருபதுகளில் இந்த வேகம் உச்சத்தில் இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது நோயில்லை, வயசு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஸ்காட்லாந்தில் 1936-ல் பிறந்த குழந்தைகளுக்கு 1947-ல், 11 வயதில், பள்ளியிலேயே அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அவர்களில் 65,000-க்கும் மேற்பட்டோரை 2015 வரை பின்தொடர்ந்த ஆய்வு, 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தேர்வில் 15 ஐ.க்யூ புள்ளிகள் கூடுதலாக எடுத்தவர்களுக்கு, புகைபிடித்தலோடு தொடர்புள்ள புற்றுநோய்களால் இறக்கும் ஆபத்து சுமார் 18% குறைவாக இருந்தது.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்ததுதான். புகைபிடித்தலோடு தொடர்பில்லாத புற்றுநோய்களில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

அந்தத் தேர்வு வேகத்தை மட்டும் அளக்கவில்லை, மொத்தத் திறனை அளந்தது. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2005-ல் அதே ஸ்காட்லாந்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 56 வயதான 898 பேரின் எதிர்வினை நேரத்தை அளந்து, 70 வயது வரை பின்தொடர்ந்தார்கள். வேகம் குறைந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அது எல்லாக் காரணங்களும் சேர்ந்த மொத்த இறப்பு. புற்றுநோய்க் கணக்கு அல்ல.

அப்போ மூளை நம்மைக் காப்பாற்றுதா, இல்லையா?

சிம்பிளா சொன்னா, நேரடியாக இல்லை. மூளைக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் ஒரு சிகரெட் இருக்கிறது. படிப்பு, வருமானம், செய்கிற வேலை, டாக்டரிடம் போகிற பழக்கம் எல்லாம் இருக்கின்றன. திறன் தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளை கூடுதலாகப் படிக்க வாய்ப்புண்டு. புகையைத் தொடாமல் இருக்கவோ சீக்கிரம் விடவோ வாய்ப்புண்டு. ஆபத்தைக் குறைப்பது அந்தப் பழக்கம்தான்.

எதிர்த் திசையும் உண்டு. கீமோதெரபி எடுத்தவர்கள் சிலர் "பேரு நுனி நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது" என்பார்கள். நோயும் சிகிச்சையுமே மூளை வேகத்தைக் குறைக்கலாம். எது முன்னால் வந்தது என்று பார்க்காமல் முடிச்சுப் போட்டால் கணக்கு தப்பும்.

டெல்டாவில் அந்த சிகரெட் எது?

நம்ம ஊரில் அது வெற்றிலைச் செல்லத்துக்குள் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. கல்யாணத் தாம்பூலம், கோயில் தட்டு எதுவும் அது இல்லாமல் நிறையாது. சிக்கல், அதோடு சேர்த்து மடிக்கும் புகையிலையிலும் சீவலிலும் இருக்கிறது.

"புகையிலை போடல, வெறும் சீவல்தானே" என்று சொல்பவர்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. பாக்கைத் தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போகலாம். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

என்ன செய்யலாம்?

போனில் ரியாக்‌ஷன் கேம் விளையாடி, ஸ்கோரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதைவிட, அந்த போனின் டார்ச்சைப் போட்டு வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல், வாய் திறப்பது குறைவது... இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது அரசின் தொற்றா நோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இதனால் பலன் உண்டா? திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்தே பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34% குறைந்ததாக 2005-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஸ்கேன் இல்லை, பெரிய மெஷின் இல்லை. வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதுமானதாக இருந்தன.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

தாத்தாவின் கன்னத்தில் அந்த வெள்ளைத் திட்டு பல மாதங்களாக இருந்திருக்கிறது. "பல்லு குத்துதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணக்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது என்று பெருமைப்பட்ட நாங்கள் யாரும், "வாயைக் கொஞ்சம் திறங்க தாத்தா" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.